பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

பங்குத் திருவிழா அழைப்பிதழைக் கையில் வாங்கியதும் நாம் முதலில் தேடுவது திருப்பலி நிறைவேற்றுபவர் யார் என்பதைத்தான். பெயரைக் கண்டுபிடித்துவிடுவோம். பெயரை அடுத்து எஸ்.டி.எல்., ஜே.சி.டி., எம்.பில். என்று நிற்கும் எழுத்துகளை, "சாமியார் நிறையப் படித்தவர் போலிருக்கிறது" என்ற அளவில் விட்டுவிடுவோம். திருமணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் வருவதையும் இப்படித்தான் படிக்கிறோம். பத்திரிகையில் அப்படிப் படித்தால் யாருக்கும் நட்டமில்லை. பிள்ளையின் மேற்படிப்புக்குப் பணம் கட்டும்போதும், வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும்போதும் அப்படியே இருந்தால் மூன்று நான்கு ஆண்டுகள் வீணாகிவிடக்கூடும்.

நெய்வேலி நகரியத்தில் வாழ்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. முடித்தவர் தொழிற்பழகுநர், பட்டயப் படிப்பு முடித்தவர் டெக்னீசியன் பழகுநர், பட்டம் பெற்றவர் பட்டதாரிப் பழகுநர் என்று 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமே படிப்பைப் பொறுத்துப் பிரித்து வைத்திருக்கிறது. நிர்வாகப் பயிற்சியாளராக நிறுவனத்தில் நுழைய வேண்டுமானால் பொறியியல் பட்டமும் கேட் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கிறார்கள். ஒரே சுரங்கம், ஒரே அனல்மின் நிலையம். ஆனால் உள்ளே போகும் வாசல் சான்றிதழைப் பார்த்து மாறுகிறது.

முதலில் படிநிலைகளைச் சொல்லிவிடுவோம். பிளஸ் டூ முடித்தபின் மூன்று ஆண்டுகள் படித்தால் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற இளநிலைப் பட்டம். பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நாலரை ஆண்டுகளோடு ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. அதற்கு மேல் முதுநிலை, அதற்கும் மேல் முனைவர் பட்டம். பி.எட். இளநிலை என்று பெயர் பெற்றிருந்தாலும், ஒரு பட்டம் பெற்ற பிறகே அதில் சேர முடியும். ஓராண்டாக இருந்த அந்தப் படிப்பு 2015 முதல் இரண்டு ஆண்டுகளாயிற்று. முதுநிலைக்கும் முனைவருக்கும் இடையில் நின்ற எம்.பில். என்னும் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை இனி வழங்கக் கூடாது என்று 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் சொல்லிவிட்டன. அதற்கு முன் வாங்கியவர்களின் பட்டத்துக்குப் பாதிப்பில்லை.

பட்டயம் வேறு, பட்டம் வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். பாலிடெக்னிக்கில் பெறுவது பட்டயம், அதாவது டிப்ளமா. அதை முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பது நம் மாநிலத்தில் உள்ள நல்ல வழி. வேலை பார்த்துக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. தேர்வுகள் எழுதிப் பொறியாளருக்கு இணையான தகுதி பெறும் வழியும் ஒருகாலத்தில் இருந்தது. இரவுப் பணி முடித்துவிட்டு வந்து அந்தப் பாடங்களைப் படிப்பது எத்தனை கடினம் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் 2013 மே 31-க்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு அந்த அங்கீகாரம் இல்லை. இதை அறியாமல், தந்தை வந்த வழியிலேயே மகனும் வரலாம் என்று எண்ணுவது ஆபத்து.

ஆனர்ஸ் என்ற சொல்லுக்கு வருவோம். பழைய சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் முடித்தவர் இரண்டு ஆண்டுகள் படித்தால் சாதாரணப் பட்டம். மூன்று ஆண்டுகள் ஒரே பாடத்தில் ஆழ்ந்து படித்தால் ஆனர்ஸ். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பெற்றது இயற்பியலில் பி.எஸ்சி. ஆனர்ஸ்தான். அந்த முறை பிறகு இங்கே மறைந்துவிட்டது. டெல்லியில் தொடர்ந்தது. இப்போது 2022 டிசம்பரில் வெளியான மானியக் குழுவின் கட்டமைப்பு வேறொரு பொருளில் அதைக் கொண்டுவந்திருக்கிறது: மூன்று ஆண்டும் 120 கிரெடிட்டும் முடித்தால் இளநிலைப் பட்டம், நான்கு ஆண்டும் 160 கிரெடிட்டும் முடித்தால் ஆனர்ஸ். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர் நான்காம் ஆண்டில் ஆய்வு செய்து ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பெறலாம். இதை முதல் வகுப்பு, டிஸ்டிங்ஷன் என்பவற்றோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. அவை எத்தனை மதிப்பெண் என்பதைச் சொல்பவை. இங்கிலாந்திலோ இரண்டும் ஒன்றுகலந்து, ஆனர்ஸ் பட்டத்துக்குள்ளேயே முதல் வகுப்பு, மேல் இரண்டாம் வகுப்பு, கீழ் இரண்டாம் வகுப்பு என்று போகிறது. உரோமையில் படித்துத் திரும்பும் குருக்களின் சான்றிதழில் காணும் 'சும்மா கும் லாவுதே' என்ற இலத்தீன் சொற்கள் 'மிகவுயர்ந்த பாராட்டுடன்' தேறினார் என்று பொருள்படும். நம் காதுக்குச் 'சும்மா' என்று கேட்டாலும் அது சும்மா கிடைப்பதல்ல!

திருச்சபையின் பட்டங்கள் தனி வரிசை. 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'வெரித்தாத்திஸ் கௌதியும்' என்ற திருத்தூதுச் சட்டம் இவற்றை முறைப்படுத்துகிறது. பக்கலோரெயாத்து, லிச்சென்சியாத்து, டாக்டர் என்று மூன்று படிகள். நடுவிலுள்ள லிச்சென்சியாத்து என்ற சொல்லுக்கு 'அனுமதி' என்று பொருள், எஸ்.டி.எல். என்பதில் உள்ள எல் அதுவே. இடைக்காலப் பாரிசில் கற்பிப்பதற்கான அனுமதியை வழங்கியவர் நோத்ருதாம் பேராலயத்தின் சான்சலர். அந்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் இது. ஆகவே அதைச் சிறிய பட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆயராக நியமிக்கப்படுபவர் விவிலியம், இறையியல், திருச்சபைச் சட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் முனைவராகவோ, குறைந்தது லிச்சென்சியாத்து பெற்றவராகவோ, இல்லையேல் அத்துறைகளில் உண்மையான புலமை உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 378 கூறுகிறது.

மதிப்புறு முனைவர் பட்டம் இந்த ஏணியில் எந்தப் படியும் அல்ல. ஒருவரின் பணியைப் பாராட்டிப் பல்கலைக்கழகம் செய்யும் மரியாதை அது. அப்துல் கலாம் 1954-இல் திருச்சியில் இயேசு சபையாரின் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்தார். பின்னர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்து அவர் பெற்றது பட்டயம். அவர் பெயருக்கு முன் நாம் சேர்த்துச் சொன்ன 'டாக்டர்', பல பல்கலைக்கழகங்கள் மதிப்புறு பட்டமாகத் தந்தது. இராமானுஜனோ கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். அவருக்கு 1916-இல் கேம்பிரிட்ஜ் தந்தது ஆய்வுக்கான பி.ஏ. பட்டம். இவர்களைக் காட்டிப் பட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது நியாயமாகாது.

ஏனெனில் படிகளின் வரிசை தவறினால் சட்டம் ஏற்பதில்லை. நமக்குப் பக்கத்திலேயே, சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பற்றிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இளநிலைப் பட்டம் இல்லாமலே திறந்தவெளி முறையில் எம்.ஏ. பெற்ற ஒருவர், சென்னைத் திரைப்படக் கல்லூரியின் முதல்வர் பதவிக்கு வந்தது பற்றிய வழக்கு அது. முதல் பட்டம் இன்றிப் பெற்ற முதுநிலைப் பட்டம் அந்தப் பதவிக்குத் தகுதியாகாது என்று 2009 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசும், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான படிப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையை வலியுறுத்தி அரசாணை வெளியிட்டது. குடும்பச் சூழலால் பள்ளியை விட்டு, பின்னாளில் ஆசையோடு அஞ்சல் வழியில் படித்த எத்தனையோ பேருக்கு இது பேரிடி. படிப்பு உண்மை, உழைப்பு உண்மை. வரிசை மட்டும் இல்லை. சேர்க்கும்போதே இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை நிறுவனங்களுக்கு இருக்கிறது என்பதே நம் கருத்து.

பொறியியலிலும் இப்படி நடந்தது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலை வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. தொடக்க ஆண்டுகளில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு தேர்வெழுதிப் பட்டத்தைக் காத்துக்கொள்ளும் வாய்ப்புத் தரப்பட்டது. பதவி உயர்வுக்காகப் படித்தவர்கள் அதில் பலர்.

எனவே கட்டணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. நெய்வேலி நிறுவனம் பிறந்த அதே 1956-இல் வந்த மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் நாடாளுமன்றம் அதிகாரம் தந்த நிறுவனங்களுக்கும் மட்டுமே என்கிறது. 'அகாடமி', 'இன்ஸ்டிடியூட்' என்று பெரிய பலகை வைத்திருப்பவர்களிடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் சான்றிதழ் வரும் என்று கேளுங்கள். தொலைநிலைப் படிப்பென்றால், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்பதை மானியக் குழுவின் இணையதளத்தில் பார்க்கலாம். பல்கலைக்கழகத்துக்குப் பெயர் இருப்பது மட்டும் போதாது.

ஏற்கெனவே படித்து முடித்தவர்களுக்கு ஒன்று. கடலூர் மாவட்டக் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்திலும், 2002-இல் அமைந்த திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலும், 2021-க்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இணைந்திருந்தன. ஒரே கல்லூரியில் படித்த அக்காவுக்கும் தம்பிக்கும் சான்றிதழில் வேறு வேறு பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் பதற வேண்டாம். விண்ணப்பத்தில் கல்லூரி இன்று எதில் இணைந்திருக்கிறது என்பதை எழுதாமல், உங்கள் சான்றிதழில் அச்சாகியுள்ள பெயரையே எழுதுங்கள்.