குட்டி கொழுக்க வேண்டுமா, வளர வேண்டுமா?

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த சில வாரங்களில் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே அளவுகோலால்தான் அதை அளக்கிறார்கள். வயிறு உருண்டு, கழுத்து தடித்து, கொழுகொழு என்று இருந்தால் நன்றாக வளர்த்திருப்பதாகப் பாராட்டு. விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட்டால், சரியாகச் சாப்பாடு போடவில்லையோ என்று சந்தேகம். கடைக்காரரும் இந்த எண்ணத்துக்கு ஏற்றபடியே பேசுகிறார். புரதம் மிக அதிகமாக உள்ள பையை எடுத்துக் கொடுத்து, கூடவே எலும்பு உறுதிக்கென்று ஒரு கால்சியம் டானிக்கையும் வைக்கிறார். வளரும் உடலுக்கு எதைக் கூடுதலாகக் கொடுத்தாலும் நல்லதுதானே என்று நாமும் வாங்கிவிடுகிறோம். ஆனால் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியைப் பற்றி அரை நூற்றாண்டாக நடந்திருக்கும் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் போன்ற பெரிய இனக் குட்டிகளை அக்கறையோடு வளர்க்கும் வீடுகளில், குறைவை விட மிகுதியே பெரிய ஆபத்து. உலர் உணவைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிறக்கும்போது அரை கிலோகூட இல்லாத லாப்ரடார் குட்டி ஓராண்டுக்குள் 25 கிலோவைத் தாண்டிவிடுகிறது. மனிதக் குழந்தையின் வளர்ச்சியோடு ஒப்பிடவே முடியாத வேகம் இது. இந்தக் காலத்தில் அதன் எலும்பு முனைகள் முழு எலும்பாக இருப்பதில்லை. குருத்தெலும்பாக இருந்து மெல்ல மெல்ல இறுகுகின்றன. அந்த மென்மையான பகுதி மீது அளவுக்கு மீறிய எடை விழுந்தால் மூட்டு கோணலாக அமைகிறது. இதைக் காட்டிய முக்கியமான ஆய்வு 1974இல் வெளிவந்தது. கிரேட் டேன் குட்டிகளில் ஒரு பகுதிக்கு விரும்பிய அளவு தின்ன விட்டார்கள். மற்றவற்றுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே கொடுத்தார்கள். வயிறாரத் தின்றவை வேகமாகவும் பெரிதாகவும் வளர்ந்தன. எலும்பு, மூட்டுக் கோளாறுகள் மிகுதியாக வந்ததும் அவற்றுக்குத்தான். பிறகு 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதை விட 25 சதவீதம் குறைவாக அதே உணவைக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள். மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். இரண்டு வயதிலேயே வேறுபாடு தெரிந்துவிட்டது. நிறையத் தின்ற 24 நாய்களில் 16க்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இருந்தது. அளவாகத் தின்ற 24இல் 7க்கு மட்டுமே. இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பரம்பரை இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது எவ்வளவு வெளிப்படும் என்பதை உணவுக் கிண்ணமும் தீர்மானிக்கிறது.

அடுத்தது கால்சியம். இங்கேதான் நல்லெண்ணம் அதிகத் தீங்கு செய்கிறது. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு ஏற்பக் கால்சியத்தை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடும். சில மாதக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் முழுமையாக அமைந்திருக்காது. உணவில் எவ்வளவு கூடுகிறதோ அதற்கேற்ப உடலுக்குள்ளும் கூடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹாஸவின்கெலும் அவரது குழுவினரும் 1980களில் கிரேட் டேன் குட்டிகளிடம் இதைச் சோதித்தார்கள். 1.1 சதவீதக் கால்சியம் உள்ள உணவையும் 3.3 சதவீதம் உள்ள உணவையும் ஒப்பிட்டபோது, அதிகக் கால்சியம் பெற்ற குட்டிகளின் குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறவில்லை. நல்ல பப்பி உணவில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் தினம் இரண்டு மூடி டானிக் ஊற்றுவது எலும்பை உறுதியாக்குவதில்லை. பெரிய இனக் குட்டிக்கு அது மூட்டைக் கெடுக்கும் வழி. இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. வெறும் கோழிக்கறியை மட்டும் போட்டு வளர்த்தால், இறைச்சியில் கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருப்பதால், இரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கத் தொடங்கும். கால் வளைவதும் சின்னத் தாவலில் எலும்பு முறிவதும் அப்படித்தான். அந்தக் குட்டிக்கும் டானிக் மட்டும் தீர்வாகாது. உணவையே மாற்ற வேண்டும்.

ஆக, பையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் இருக்கும் ஓநாய்ப் படமும் ‘பிரீமியம்’ என்ற சொல்லும் உணவைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். இந்த உணவு ஆஃப்கோ அல்லது ஃபெடியாஃப் வகுத்த ஊட்டச்சத்து அளவுகளை எந்த வயதுக்கு நிறைவு செய்கிறது என்று அது சொல்லும். முன்னது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கம், பின்னது ஐரோப்பியத் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு. ஆஃப்கோ எந்த உணவுக்கும் முத்திரை குத்துவதில்லை, அளவுகளை மட்டும் வகுக்கிறது. ‘ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது’ என்று விற்பவர் சொன்னால் அவருக்கே விவரம் தெரியவில்லை என்று பொருள். அந்த வாக்கியத்தில் ‘க்ரோத்’ அல்லது ‘ஆல் லைஃப் ஸ்டேஜஸ்’ என்று இருந்தால் குட்டிக்கு ஆகும். ‘மெயின்டனன்ஸ்’ என்று மட்டும் இருந்தால் அது வளர்ந்த நாய்க்கானது. ஆஃப்கோ கணக்கில் ஈரப்பதம் நீக்கிய உணவில் குட்டிக்குப் புரதம் குறைந்தது 22.5 சதவீதம், கொழுப்பு 8.5, கால்சியம் 1.2 வேண்டும். வளர்ந்த நாய்க்குப் புரதம் 18ம் கால்சியம் 0.5ம் போதும். வளர்ந்தபின் 32 கிலோவோ அதற்கு மேலோ வரக்கூடிய இனங்களின் குட்டிகளுக்கு மட்டும் கால்சியத்தின் மேல் வரம்பை 2.5இலிருந்து 1.8 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள். அதனால் லாப்ரடாரோ ராட்வைலரோ வளர்ப்பவர்கள் அந்த வாக்கியத்தில் பெரிய இனங்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். பை முழுவதிலும் இந்த ஒரு வரியைப் போல மதிப்புள்ளது வேறில்லை.

புரத எண்ணைப் பற்றிய மயக்கமும் தெளிய வேண்டும். 24ஐ விட 32 மேல், 32ஐ விட 38 மேல் என்று விலை ஏறுகிறது. பையில் போட்டிருப்பது ‘கச்சாப் புரதம்’. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்கிக் கிடைக்கும் எண் அது. எந்தப் பொருளிலிருந்து வந்தது, எவ்வளவு செரிக்கும் என்பதை அது சொல்லாது. 2007இல் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவுகளைக் பெருமளவில் திரும்பப் பெற நேர்ந்ததற்கு இந்த ஓட்டையே காரணம். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைனைக் கலந்திருந்தார்கள். எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜனாக இருக்கும் அந்த வேதிப்பொருள் சோதனையில் புரதமாகத் தெரிந்தது, தின்ற செல்லப்பிராணிகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. பொருள் பட்டியலிலும் இதேபோல் ஏமாற இடமுண்டு. பட்டியல் எடை வரிசையில் இருக்கும், அந்த எடையில் தண்ணீரும் சேரும். முதலில் ‘கோழி இறைச்சி’ என்று இருந்தால் அதில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். நீரை வற்றவைத்துப் பொடித்த ‘சிக்கன் மீல்’ இரண்டாவதாக இருந்தும் உண்மையில் அதிகப் புரதம் தரலாம். அதேசமயம், புரதம் கூடினால் எலும்பு கெடும் என்ற பழைய நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. 1991இல் உட்ரெக்டிலேயே 14.6இலிருந்து 31.6 சதவீதம் வரை புரதத்தை மாற்றிப் பார்த்தபோது எலும்பு வளர்ச்சியில் அதனால் கோளாறு எதுவும் வரவில்லை. கெடுப்பவை கூடுதல் கலோரியும் கூடுதல் கால்சியமும்தான். புரதம் 26இலிருந்து 30க்குள், நம்பகமான மூலத்திலிருந்து இருந்தால் போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் எண்ணுக்குக் கொடுக்கும் பணம்.

‘நம் ஊர் நாய்கள் தயிர்சாதமும் மிச்சச் சோறும் தின்றுதானே வளர்ந்தன, பையில் வரும் தீவனம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நாம் தெருவில் பார்ப்பது பிழைத்த நாய்களை மட்டும்தான். அதே ஈற்றில் பிறந்து பிழைக்காமல் போனவை கணக்கில் வருவதில்லை. சோறும் தயிரும் வயிற்றை நிரப்பும். துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவற்றைக் குட்டிக்கு வேண்டிய அளவில் தராது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நூல்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டு உணவுக் குறிப்புகளை அலசி 2013இல் வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு இன்றியமையாத சத்தாவது குறைந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் அதில் அடக்கம். அதுவும் வளர்ந்த நாய்க்கான உணவில். குட்டிக்கு இடைவெளி இன்னும் அதிகமாகவே இருக்கும். கால்நடை ஊட்டச்சத்து அறிந்தவர் கணக்கிட்டுத் தந்த முறையில், தாது உப்புக் கலவையோடு சமைப்பதாக இருந்தால் வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் எதிரியல்ல. அந்த உழைப்புக்கு நேரமில்லாத வீட்டில் நல்ல உலர் உணவே பாதுகாப்பானது. பக்கத்தில் வேகவைத்த முட்டையோ கேரட்டோ கொடுக்கலாம், நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள். வெங்காயமும் திராட்சையும் மட்டும் எந்த அளவிலும் வேண்டாம்.

‘நாய் ஓநாயின் வழி வந்தது, அதற்கு அரிசியும் சோளமும் ஆகாது’ என்ற வாதம் இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. தானியம் இல்லாத உணவு என்ற விலை உயர்ந்த வகை அதன் மேல் எழுந்ததுதான். 2013இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஸ்வீடன் ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாயிடம் பல மடங்காகப் பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதனோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாயின் குடல் மாறிவிட்டது. வேகவைத்த தானியம் அதற்குச் செரிக்கும். தானியத்தை நீக்கும் தயாரிப்புகள் பெரும்பாலும் அந்த இடத்தில் பட்டாணி, பருப்பு வகைகளை நிரப்புகின்றன. அத்தகைய உணவுக்கும் நாய்களின் இதயத் தசை தளர்ந்து விரியும் நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் விசாரணை தொடங்கியது. காரணத்தொடர்பு இதுவரை நிலைநாட்டப்படவில்லை. ஆயினும், கூடுதல் நன்மை ஏதும் நிரூபிக்கப்படாத ஒன்றுக்குக் கூடுதல் பணமும் கொடுத்துச் சந்தேகத்தையும் வாங்குவானேன்?

இந்த ஆய்வுகளில் சிலவற்றுக்குப் பணம் கொடுத்ததே தீவன நிறுவனங்கள்தானே என்று கேட்கலாம். 48 லாப்ரடார்களின் ஆய்வை நடத்தியதே ஒரு பெரிய தீவன நிறுவனம். ஆனால் அது கண்டு சொன்னது, தங்கள் உணவைக் கால் பங்கு குறைத்துப் போட்டால் நாய் நெடுநாள் வாழும் என்பது. விற்பனையைக் கூட்ட இப்படி ஒரு முடிவை யாரும் புனைய மாட்டார்கள். விலையைப் பொறுத்தவரை, மிக மலிவானதைத் தவிர்ப்பது சரி, மிக உயர்ந்ததைத் தேடுவது தேவையில்லை. நடுத்தர விலையில், பின்பக்க வாக்கியம் தெளிவாக உள்ள உணவு வேண்டிய அனைத்தையும் தரும்.

எதை வாங்கினாலும் எவ்வளவு போடுகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கின்படி, நான்கு மாதத்துக்கு உட்பட்ட, ஐந்து கிலோ எடையுள்ள குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 700 கிலோ கலோரி தேவை. கிலோவுக்கு 3,700 கிலோ கலோரி தரும் உணவென்றால் அது 190 கிராம், மூன்று வேளையாகப் பிரித்து. இது தொடக்கக் கணக்கு மட்டுமே. பையில் அச்சிட்ட அட்டவணையும் அப்படித்தான், பல வீடுகளில் அது கூடுதலாகவே வரும். கோப்பையால் அள்ளாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பிறகு குட்டியின் உடலைக் கேளுங்கள். விலாவில் விரலை மெல்ல ஓட்டினால் எலும்புகள் அழுத்தாமலே தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். தேடித்தான் விலா கிடைக்கிறது என்றால் பத்து சதவீதம் குறையுங்கள். சிப்பிப்பாறை, ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இவை ஓடுவதற்கென்றே மெலிந்த உடலோடு வளர்க்கப்பட்ட இனங்கள். விலாவின் நிழல் வெளியே தெரிவது அவற்றுக்கு இயல்பு. லாப்ரடாரைப் பார்த்து அவற்றைப் பருக்கவைக்க முயல வேண்டாம்.

இன்னொன்று, கடையில் பெரிய மூட்டையிலிருந்து அள்ளி லூஸில் நிறுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். பின்பக்க வாக்கியமும் காலாவதித் தேதியும் அங்கேயே நின்றுவிடும். நம் ஈரக் காற்றில் திறந்த மூட்டையின் கொழுப்பு சிக்கடிக்கும், பூஞ்சையும் ஏறலாம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு தயாரிப்பில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு கண்டறியப்பட்டது. சில வாரங்களில் 110க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக எஃப்.டி.ஏ. அறிவித்தது. மூடிய பையில் வந்த உணவிலேயே இப்படி என்றால் திறந்த மூட்டையை எப்படி நம்புவது? ஒரு மாதத்தில் தீரும் அளவுள்ள பையை வாங்கி, அந்தப் பையோடே மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பழைய உணவிலிருந்து புதியதுக்கு மாற ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய இனங்கள் பத்துப் பன்னிரண்டு மாதத்தில் வளர்ந்த நாய்க்கான உணவுக்கு மாறலாம். பெரிய இனங்கள் பதினைந்து மாதமாவது காத்திருக்க வேண்டும்.

அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது குட்டியின் எடையைக் குறித்துக்கொண்டு, அதன் உடல் நிலை சரியா என்று மருத்துவரிடமே கேளுங்கள். வீட்டில் கால்சியம் டானிக் இருந்தால், அது மருத்துவர் எழுதிக் கொடுத்ததா, கடைக்காரர் கொடுத்ததா என்று பாருங்கள். கடைக்காரர் கொடுத்ததென்றால் இன்றே நிறுத்திவிடுங்கள்.