மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள்

கடலூர் மஞ்சக்குப்பமாக இருந்தாலும் சிதம்பரம் மேல வீதியாக இருந்தாலும், காலை ஒன்பது மணிக்கு ஒரு மெடிக்கல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: “அண்ணே, மண்டை இடி தாங்கல. ரெண்டு வேளைக்குக் குடுங்க, வேலைக்குப் போவணும்.” டாக்டர் சீட்டு பற்றிய பேச்சே எழுவதில்லை. அட்டையிலிருந்து கத்தரித்த இரண்டு மூன்று மாத்திரைகள் காகித உறையில் கைமாறுகின்றன. அங்கேயே ஒன்றை விழுங்கிவிட்டு பஸ் ஏறுகிறார்கள்.

அந்த உறைக்குள் ஒரு சுழல் ஒளிந்திருக்கிறது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மாத்திரை கூடுகிறது. மாத்திரை கூடக் கூடத் தலைவலி வரும் நாட்கள் கூடுகின்றன. நாட்கள் கூடினால் வேலை நேரமும் சம்பளமும் குறைகின்றன, பயம் இன்னும் பெருகுகிறது. நாட்பட்ட மைக்ரேனோடு அரை நாள் வேலை பார்த்துக்கொண்டு, முழு நேர வேலையும் தேடிக்கொண்டிருப்பவர்கள் பலர் சிக்கியிருப்பது இதில்தான். இதை உடைக்க வழி இருக்கிறது.

மண்டைக்குள் நடப்பது

மைக்ரேன் வெறும் தலைவலி அல்ல, மூளை நரம்பு மண்டலத்தின் நோய். ‘பித்தம் தலைக்கேறிடுச்சு’ என்று சொல்லிச் சுக்குப் பற்றுப் போட்டுப் படுத்தாலும், கவனிக்காமல் விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை அது ஆளை விடாது. குமட்டும். வெளிச்சம், சத்தம், வாசனை எதையும் தாங்க முடியாது. சிலருக்கு வலி வருவதற்கு முன் கண்முன்னே நெளிநெளியாக ஒளிக்கோடுகள் தோன்றும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தனக்கு வந்த அந்தக் கோடுகளை வரைந்து பார்த்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-ல் கணக்கிட்டார். ஏறத்தாழ அதே வேகத்தில் பரவும் மின் அலையை 1944-ல் பிரேசில் விஞ்ஞானி அரிஸ்டிடெஸ் லியாவோ முயலின் மூளையில் பதிவு செய்தார்.

வலியைக் கிளப்புவதில் முக்கியப் பங்கு ட்ரைஜெமினல் நரம்புக்கு. முகத்திலிருந்தும் மூளையைச் சுற்றியுள்ள உறைகளிலிருந்தும் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு அது. அதன் முனைகளில் சி.ஜி.ஆர்.பி. என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. வலி வந்திருக்கும் நேரத்தில் கழுத்து நாளத்து ரத்தத்தில் இது கூடியிருப்பதை 1990-ல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் காட்டினார்கள். அந்த வழியில் வந்த ஆராய்ச்சிகளுக்காக அவர்கள் இருவரோடு மைக்கேல் மோஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலேசன் ஆகியோருக்கும் 2021-ல் ‘பிரெயின் பிரைஸ்’ கிடைத்தது.

இது யாரோ சிலருக்கு வரும் நோயும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் 2,329 பேரிடம் வீடு வீடாகச் சென்று விசாரித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்.

வலி நிவாரணியே வலியாவது

மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேனுக்குரிய அறிகுறிகளோடு, இப்படியே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட மைக்ரேன். எப்போதாவது வந்துகொண்டிருந்த வலி இந்த நிலைக்கு வருவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, வலி மாத்திரையை அளவுக்கு மேல் போடுவது. பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரை என்றால் மாதத்தில் 15 நாள். காஃபீனோ வேறு மருந்தோ சேர்ந்த கலவை மாத்திரை, அல்லது மைக்ரேனுக்கென்றே உள்ள ட்ரிப்டான் வகை என்றால் 10 நாள். இந்தக் கோட்டைத் தாண்டி 3 மாதம் போனால் மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கும். மெடிக்கலில் வாங்கும் உறைக்குள் என்னென்ன இருக்கிறது என்பதே தெரியாதபோது கோட்டைத் தாண்டியதும் தெரியாது.

அதனால் முதல் வேலை ஒரு தினசரி காலண்டர். வலி வந்த நாளுக்கு ஒரு குறி, மாத்திரை போட்ட நாளுக்கு இன்னொரு குறி. மாத்திரைக் குறி மாதத்தில் பத்தை நெருங்கினால் டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. வலியே வராமல் தடுக்கும் மருந்துகள் வேறு இருக்கின்றன. ப்ரொப்ரானலால், ஃப்ளூனரிசின், அமிட்ரிப்டிலின் எல்லாம் பழையவை, விலையும் குறைவு. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரொப்ரானலால் ஆகாது. யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும் என்பதால், பத்து நாளில் கேட்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மரோ, எதுவானாலும் அந்தக் காலண்டரைக் கையோடு கொண்டுபோங்கள். திடீரென்று இடி விழுந்ததுபோல் வரும் வலி, காய்ச்சலோடும் கழுத்து இறுக்கத்தோடும் வரும் வலி, கை கால் மரத்துப்போவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி இவற்றுக்குக் காலண்டர் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லீவு போடாத நாளின் நஷ்டம்

முதலாளி கண்ணுக்குத் தெரிவது லீவு போட்ட நாள் மட்டும். அமெரிக்கத் தொழிலாளர்களிடம் வால்டர் ஸ்டூவர்ட் குழு நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொன்னது. தலைவலி, முதுகுவலி போன்ற வலிகளால் வீணாகும் வேலை நேரத்தில் 76.6 சதவீதம் வேலைக்கு வந்தும் சரியாக வேலை பார்க்க முடியாமல் போன நேரம்தான். பில் போடும்போது தொகை தப்புகிறது. ஒரே பக்கத்தை மூன்று தடவை படிக்க வேண்டியிருக்கிறது. ‘லாஸ் ஆஃப் பே’ பிடித்துவிடுவார்கள் என்று பயந்து உட்கார்ந்திருக்கும் அந்த எட்டு மணி நேரத்தால் இரண்டு பேருக்கும் லாபமில்லை.

இதைக் குறைக்கப் பெரிய செலவு தேவையில்லை. பழைய சோக் வைத்த ட்யூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கலை நீக்கிய விளக்குகளை ஓர் அலுவலகத்தில் மாட்டிப் பார்த்தபோது, தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்ததை இங்கிலாந்தில் ஆர்னால்டு வில்கின்ஸ் குழு 1989-ல் கண்டது. விளக்கை மாற்றுவது, சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பது, குடிக்கத் தண்ணீரும் போய்வரக் கழிப்பறையும் தருவது, வலி தொடங்கும்போது இருட்டான இடத்தில் ஒரு மணி நேரம் படுக்க விடுவது: இவ்வளவுதான். கழிப்பறை இல்லாத கடைகளில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் பலருக்கு மைக்ரேன் கிளம்பும்.

வேலை தேடும்போது

நாட்பட்ட மைக்ரேன் உள்ளவர் வேலையின் பெயரைவிட அதன் நேரத்தைப் பார்த்துத் தேடுவது நல்லது. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும் வேலையைவிட, கொஞ்சம் சம்பளம் குறைந்தாலும் தினமும் ஒரே நேரத்தில் தொடங்கி முடியும் வேலை உடம்புக்கு ஒத்துவரும். தூக்கமும் சாப்பாடும் நேரம் தவறுவது மைக்ரேனுக்கு ஆகாது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே 45 கிலோமீட்டர்போலத்தான். ஆனால் சித்திரை வெயிலில் நின்றுகொண்டே போய்வரும் இரண்டு பஸ் பயணத்தையும் வேலை நேரத்தோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும். நெடி பட்டால் வலி வருகிறவர்கள் சிப்காட் ரசாயன ஆலை வேலைக்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

வலி வரும்முன் உடம்பு சொல்லும். அடுத்தடுத்துக் கொட்டாவி, பிடரி இறுக்கம், எரிச்சல், திடீரென்று இனிப்பு தின்னும் ஆசை. நெருக்கடி முடிந்து மனம் ஆசுவாசப்படும் நேரத்திலும் வலி கிளம்பலாம். தேர்வு எழுதிவிட்டு வந்த மாலையோ மறுநாளோ படுத்துவிடுபவர்களுக்கு இது தெரியும். ஆகவே டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு மறுநாள் இன்டர்வியூ வைத்துக்கொள்ளாதீர்கள். தேர்வுக்குக் காலையில் வெறும் வயிற்றில் முதல் பஸ் பிடித்து ஓடாதீர்கள்.

வேலையை விட்டுவிட்டு நிதானமாகத் தேடலாமே என்று சொல்வது எளிது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருந்தால்தான் தமிழக அரசின் உதவித்தொகை, அதுவும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அதனால்தான் அரை நாள் வேலையைப் பிடித்துக்கொண்டு தேடுகிறார்கள். அது சோம்பல் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மைக்ரேன் அதில் இல்லை. இருக்கும் உரிமைகளையாவது பயன்படுத்த வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு தருகிறது. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவி உண்டு. மேலதிகாரியிடம் “எனக்கு மைக்ரேன் சார்” என்று மட்டும் சொல்வதைவிட, “அந்த விளக்குக்குக் கீழே இருந்து என் மேசையை மாற்றிக்கொடுங்க, மாதம் ரெண்டு தடவை ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும்” என்று கேட்டால் காரியம் நடக்க வாய்ப்பு அதிகம்.

கடையில் நாளெல்லாம் நின்றவர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் இதே கடைகள் சட்டத்தைத் திருத்தியது தமிழ்நாடு. கால் வலியைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. தலைவலிக்கும் அதே நியாயம்தான். ஒரு மணி நேர ஓய்வும் நேரத்துக்குச் சாப்பாடும் உரிமை ஆகிவிட்டால், வேலை பயத்தில் விழுங்கும் மாத்திரைகளில் பல தேவைப்படாமலே போகும்.