அரிசிப் பானை முதல் உத்திரம் வரை: வீட்டுப் பூச்சிகளும் அவற்றை அடக்கும் வழிகளும்

வீட்டுப் பூச்சிகள் எல்லாம் ஒரே வழியாக உள்ளே வருவதில்லை. சில, வயலில் இருக்கும்போதே தானியத்தில் குடியேறி மூட்டையோடு வந்துவிடும். சில சாக்கடைக் குழாய் வழியாகவும், சில அஸ்திவார மண்ணுக்கு அடியிலிருந்தும் வரும். கொசு, வீட்டார் பிடித்துவைத்த நல்ல தண்ணீரிலேயே பிறக்கும். வத்திராயிருப்பு வட்டத்து மகாராஜபுரத்தில் இத்தனை வழிகளும் திறந்தே கிடக்கின்றன. மேற்கே மலை, சுற்றிலும் நெல்லும் தென்னையும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பூச்சி எந்த வழியாக வந்தது என்பது தெரிந்தால்தான் அதை எங்கே மறிப்பது என்பதும் தெரியும். பூச்சியைக் கண்டதும் மருந்துப் புட்டியைத் தேடும் பழக்கம் பெரும்பாலும் காசுக்கும் உடம்புக்கும்தான் கேடு.

முதலில் தானியம். துவரை, பாசிப்பயறு, தட்டாம்பயறு ஆகியவற்றின் மேல் சுண்ணாம்புத் துளி தெறித்ததுபோல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. காட்டில் காய் முற்றி நிற்கும்போதே தாய் வண்டு அங்கே பறந்துபோய் முட்டையை ஒட்டிவிடும். முட்டைக்குள்ளிருந்து புழு வெளியே வந்து ஊர்வதில்லை. முட்டை ஒட்டியிருக்கும் இடத்திலேயே தோலைத் துளைத்துப் பயறுக்குள் இறங்கிவிடும். உள்ளே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமாக ஒரு துளை போட்டு வண்டாக வெளியேறும். வெளியே வந்த வண்டு பயறைத் தின்பதில்லை. அடுத்த முட்டைகளை இட்டுவிட்டுச் சில நாட்களில் செத்துப்போகும். ஆகவே டப்பாவைத் திறந்ததும் பறக்கிற வண்டை அடித்துக் கொல்வதால் பயனில்லை. சேதத்தைச் செய்தது புழு. அடுத்த தலைமுறையோ முட்டையாகப் பயறின் மேல் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது.

இதற்குத் தென்மாவட்டங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழி செம்மண் கட்டுவது. சலித்த செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்து, துவரையிலும் மொச்சையிலும் பிசறி, நல்ல வெயிலில் காயவைத்துக் குலுக்கையிலோ மூட்டையிலோ போடுவார்கள். காய்ந்த மண் பயறின் மேல் மெல்லிய சட்டையாகப் பிடித்துக்கொள்ளும். வண்டுக்கு முட்டை ஒட்ட வழவழப்பான தோல் கிடைக்காது. வேண்டும்போது கழுவி எடுத்துக்கொள்ளலாம். இதை விஞ்ஞானம் வருமுன் இருந்த பழக்கம் என்று ஒதுக்குவது தவறு. இதில் இருப்பதும் விஞ்ஞானம்தான். ஒரு கிலோ பயறுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டுப் பிசறிவைத்தாலும், எண்ணெய்ப் படலம் முட்டையை மூச்சடைத்துக் கொன்றுவிடும். முழுப் பயறைவிட உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை குறைவு.

அரிசியில் வருவது வேறு ஆள். நீண்ட மூக்கோடு, பழுப்பு நிறத்தில், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம் இருந்தால் அது அரிசி மூக்கு வண்டு. தாய் வண்டு மணியைக் குடைந்து, முட்டையை உள்ளே வைத்து, மேலே மூடியும் விடுவதால் முட்டை கண்ணுக்குத் தெரியாது. மாவிலும் ரவையிலும் தட்டையாகச் செந்நிறத்தில் ஓடுவது மாவு வண்டு. அது பெருகினால் மாவில் ஒரு கார வாடை ஏறும், அந்த மாவைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. ரவை நூலாம்படைபோல் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தால் உள்ளே இருப்பது அந்துப்பூச்சியின் புழு. ரவையை வாங்கியவுடன் வறுத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் இவற்றில் பாதித் தொல்லை வராது. அரிசியை மட்டும் உச்சி வெயிலில் பரப்பக் கூடாது. மணி வெடித்துச் சோறு குழைந்துவிடும். இளவெயிலில் பரப்பினால் போதும், வண்டுகள் தாமாக வெளியேறும்.

தானிய வண்டுகளுக்குக் காற்றோட்டமுள்ள பக்கம் நகரும் இயல்பு உண்டு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை வைத்தே ஒரு பொறியை உருவாக்கியது. 2 மில்லிமீட்டர் துளைகள் கொண்ட ஒரு குழாய், அதன் அடியில் ஒரு கூம்பு. குழாயை அரிசிக்குள் செங்குத்தாகச் செருகிவைத்தால், காற்றைத் தேடிவரும் வண்டு துளை வழியாக உள்ளே விழுந்து கூம்பில் சிக்கிக்கொள்ளும், ஏறி வர முடியாது. இதில் மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை. அடிக்கடி கூம்பைத் திருகிப் பார்த்தால் வண்டு விழத் தொடங்கிய வாரமே தெரிந்துவிடும்.

உயிருக்கு உலைவைக்கக்கூடியது ஏடிஸ் கொசு. கறுத்த உடம்பு, கால்களில் வெள்ளை வளையம், கடிப்பது பகலில். 2012இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு வந்தது, 66 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஒன்று, ராஜபாளையத்துக்குத் தெற்கே தென்காசிச் சாலையில் உள்ள கடையநல்லூர். இந்தக் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. குடத்திலும் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் உள்ள நல்ல தண்ணீரே அதற்கு வேண்டும். தோப்பில் கவிழ்க்காமல் விட்ட சிரட்டை, மழையில் நனையும் ஆட்டுரல், பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு என எதுவும் போதும்.

முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் கறுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் பல மாதம் உயிரோடு கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரியும். அதனால் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தால் வேலை முடிந்ததாகாது. வாரம் ஒருமுறை தொட்டியை வற்றவைத்து, உட்சுவரைத் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ அழுத்தித் தேய்க்க வேண்டும். வாரம் ஒருமுறை என்பதற்குக் காரணம் உண்டு: முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். சுகாதாரப் பணியாளர் ஊற்றும் அபேட் மருந்து புழுவைத்தான் கொல்லும், சுவரில் காய்ந்து கிடக்கும் முட்டையைக் கொல்லாது.

கரப்பானில் இரண்டு வகை. கட்டைவிரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக இருப்பது சாக்கடையிலிருந்து வருவது. குழாய் வாய்களுக்குச் சல்லடை மூடி போட்டாலே வரத்துக் குறையும். சிறிதாக, கழுத்தில் இரண்டு கறுப்புக் கோடுகளோடு இருப்பது ஜெர்மன் கரப்பான். இது மளிகை அட்டைப்பெட்டியில் ஏறி வந்து, மிக்ஸிக்கு அடியிலும் ஃபிரிட்ஜ் மோட்டாரின் சூட்டிலும் தங்கும். முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட கூட்டைப் பொரியும்வரை வாலில் சுமந்தே திரியும். ஸ்பிரே அடித்தால் சில சாகும், மற்றவை அடுத்த இடுக்குக்கு ஓடிவிடும். போரிக் பவுடரை மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து சிறு உருண்டைகளாக இடுக்குகளில் வைப்பது மெதுவாக, ஆனால் உறுதியாக வேலை செய்யும். குழந்தை கைக்கு அது எட்டக் கூடாது. ஆஸ்துமா உள்ள வீட்டில் கரப்பான் எச்சமே இழுப்பைத் தூண்டும் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

எறும்புகளில் பிள்ளையார் எறும்பு யாரையும் கடிக்காது. சர்க்கரை டப்பாவை இறுக மூடினால் அது வேறு பக்கம் போய்விடும். மலையடிவார மக்கள் கவனிக்க வேண்டியது, நீண்ட காலும் மஞ்சள் உடம்புமாகத் தறிகெட்டு ஓடும் எறும்பை. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியில், கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் இது கூட்டம் கூட்டமாகப் பெருகி, ஆடுமாடுகளின் கண்ணில் அமிலத்தைப் பீய்ச்சித் தொல்லை கொடுத்தது. இப்படி ஒரு கூட்டம் தென்பட்டால் வேளாண் அலுவலருக்குச் சொல்வதே சரி.

மரத்தை அரிப்பவற்றில் ஆள் மாறிவிடக் கூடாது. கட்டிலின் கீழே மாவுபோல் தூள் கொட்டிக் கிடந்தால் அது உளு. தூளே இல்லாமல், சுவரில் பென்சில் கன மண் வரி ஏறியிருந்தால் கரையான். முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி ஈசல் பறந்து, வீட்டுக்குள்ளேயே இறகு உதிர்ந்து கிடந்தால் கூடு பக்கத்திலோ அடியிலோ இருக்கலாம். மண் வரியைச் சுரண்டிவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்க்க வேண்டும்; மறுபடி அடைத்திருந்தால் கரையான் இன்னும் வேலையில் இருக்கிறது. சுவரில் மண்ணெண்ணெய் தெளிப்பது கண்ணுக்குத் தெரிந்த வரியை மட்டும்தான் அழிக்கும். கூடு மண்ணுக்குள் இருப்பதால், அஸ்திவாரத்தைச் சுற்றித் துளையிட்டு மருந்து செலுத்தும் வேலையைத் தெரிந்தவர்களிடம் விட வேண்டும். சுவரோரம் விறகும் மட்டையும் அடுக்காமல் இருப்பது எல்லாராலும் முடிந்த காரியம்.

மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாகத் தெரியவில்லை, ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும். மெத்தைத் தையலில் மைப்பொட்டுபோல் கறை இருந்தால் அதுதான். பல மருந்துகள் அதற்குப் பழகிவிட்டன, சூடு மட்டும் பழகவில்லை. கட்டில் இடுக்கில் கொதிநீரும், துணிகளுக்கு வெந்நீர்த் துவைப்பும் நன்றாகவே பலிக்கும்.

மருந்து வாங்கத்தான் வேண்டுமென்றால் இரண்டு எச்சரிக்கைகள். கைக்குழந்தையின் துணியோடு அந்துருண்டை வைக்கக் கூடாது. சில குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்த அணுக்களைச் சிதைக்கும். அரிசி மூட்டைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடுவது அதைவிட ஆபத்து. ஈரக்காற்று பட்டதும் அது பாஸ்பீன் என்ற நச்சுவாயுவாகும். கிட்டங்கிகளில் பயிற்சி பெற்றவர்கள் தார்ப்பாயால் மூடி, காற்றுப் புகாமல் அடைத்துச் செய்யும் வேலையை, ஆள் படுத்துறங்கும் வீட்டில் செய்யக் கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியைச் சுவாசித்த இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள்.

எந்த மருந்தையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காமல் 108ஐ அழையுங்கள். மருந்து இருந்த டப்பாவையும் மறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.