எழுத்தாளர் திரையில் வரப்போகிறார்: வகுப்பறை தயாரா?

நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பலருக்கு எழுத்தாளர் என்றால் சுவரில் தொங்கும் படம்தான். திருவள்ளுவர், பாரதியார், அப்புறம் யாரென்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். தாங்கள் படித்த கதையை எழுதியவர் இதே நாட்டில் இருக்கிறார், காலையில் பசியாறிவிட்டு வேலைக்குப் போகிறார் என்பதே பிள்ளைகளுக்குப் புதிய செய்தி.

கெடாவில் இருக்கும் ஓர் எழுத்தாளரை ஜொகூரில் உள்ள தோட்டப் பள்ளிக்கு அழைப்பது சுலபமல்ல. பேருந்துக் கட்டணம், தங்கும் இடம், பேருந்து நிலையத்திலிருந்து செம்பனைக் காட்டுக்குள் அழைத்து வர ஒரு கார் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு ஆசிரியர்களும் மாணவர்களும் இயங்கலை வகுப்புக்குப் பழகினார்கள். அந்தப் பழக்கம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஒரு மடிக்கணினியும் ஓரளவு இணையமும் இருந்தால் எழுத்தாளர் வகுப்புக்குள் வந்துவிடலாம்.

150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறிய பள்ளிகளுக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. 18 பிள்ளைகள் உள்ள வகுப்பில் கேட்க விரும்பும் எல்லாருக்கும் வாய்ப்பு கிடைக்கும். பெரிய நகரப் பள்ளி 600 பேரை மண்டபத்தில் உட்கார வைத்தால் அது சந்திப்பாக இருக்காது, வானொலி கேட்பதாகிவிடும். அங்கேயும் ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

முதல் வேலை புத்தகம். சந்திப்புக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே புத்தகம் பள்ளிக்கு வந்துவிட வேண்டும். படிக்காத வகுப்புக்கு எழுத்தாளர் வந்தால், "வாசிப்பு முக்கியம்" என்று அவர் பேச, பிள்ளைகள் கைதட்ட, மணி அடித்துவிடும். ஆளுக்கொரு பிரதி வாங்க இயலாவிட்டால் ஐந்து பிரதிகள் போதும். ஆசிரியர் தினமும் பத்து நிமிடம் உரக்க வாசிக்கலாம். பிரதிகள் முறை வைத்து வீட்டுக்குப் போய்வரலாம். நீலாம் வாசிப்புத் திட்டத்துக்கும் அது கணக்காகும்.

முழுப் புத்தகத்தையும் நகலெடுத்துக் கொடுப்பது மட்டும் வேண்டாம். மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் பலர் சொந்தப் பணத்தில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்று, மீதிக் கட்டுகளை வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள். அவர் திரையில் இருக்கும்போது பிள்ளைகள் நகலெடுத்த தாள்களைத் தூக்கிக் காட்டினால் யாருக்குச் சங்கடம்? புத்தகச் செலவை பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்கலாம். எழுத்தாளருக்கு ஒரு சிறு சன்மானமும் அதில் சேர வேண்டும். வீட்டிலிருந்தே பேசுகிறார் என்பதற்காக அவருடைய நேரம் இலவசமாகிவிடாது. எவ்வளவு வெள்ளி என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுவது மரியாதை.

அடுத்தது கேள்விகள். நல்ல சந்திப்புகள்கூட இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. ஆசிரியர் பத்து கேள்விகளை எழுதி, நன்றாகப் பேசும் பத்து மாணவர்களிடம் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பார். "தாங்கள் எழுத்துத் துறையில் ஈடுபடக் காரணம் யாது?" என்று ஒரு சிறுமி ஒப்பிப்பாள். எழுத்தாளரும் நூறு முறை சொன்ன பதிலையே மீண்டும் சொல்வார். பின்வரிசைப் பையன் ஒருவனுக்கு வேறு கேள்வி இருக்கும்: "அந்த நாயை ஏன் சாகடிச்சீங்க?" அந்த ஒரு கேள்விக்குத்தான் எழுத்தாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

எனவே படிக்கும்போதே ஒரு பெட்டி வைத்து, தோன்றும் கேள்வியைத் தாளில் எழுதிப் போடச் சொல்லலாம். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. பிறகு வகுப்பே உட்கார்ந்து பிரிக்கட்டும். எந்தக் கேள்விக்குப் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது, எதை எழுதியவர் மட்டும்தான் சொல்ல முடியும்? இந்தப் பிரிப்பே பாதி இலக்கியப் பாடம். தோட்டத்துப் பிள்ளை வீட்டில் பேசும் தமிழிலேயே கேட்கட்டும். எழுத்தாளர் முன்னிலையில் உச்சரிப்பைத் திருத்தினால், அந்தப் பிள்ளை அதன்பிறகு வாய் திறக்காது. கூச்சப்படும் பிள்ளையின் கேள்வியை, பிள்ளை சம்மதித்தால், பெயர் சொல்லித் தோழி வாசிக்கலாம்.

தொழில்நுட்பத்தில் படத்தைவிட ஒலியே முக்கியம். படம் கொஞ்சம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள்; குரல் விட்டுவிட்டு வந்தால் ஐந்து நிமிடத்தில் சலசலப்பு தொடங்கிவிடும். மடிக்கணினியின் ஒலி வகுப்புக்குப் போதாது, தனி ஒலிபெருக்கி வேண்டும். ஆனால் அறையில் ஒரே ஒரு கருவியில் மட்டும் ஒலிவாங்கி திறந்திருக்க வேண்டும். இரண்டாவது திறந்தால் எதிரொலி கிளம்பும். கேமராவுக்கு அருகில் ஒரு நாற்காலி போட்டு, கேட்பவர் அங்கே வந்து உட்கார்ந்து கேட்டால் எழுத்தாளருக்கு முகமும் தெரியும், குரலும் கேட்கும். தலைக்கு மேல் கடகடக்கும் காற்றாடியையும் கவனியுங்கள்.

நேரம் காலையாக இருக்கட்டும். பிற்பகலில் மழை பிடித்துத் தகரக் கூரையில் கொட்டினால் எந்த ஒலிபெருக்கியும் எடுபடாது. எழுத்தாளர் தமிழ்நாட்டில் இருந்தால் இரண்டரை மணி நேர வித்தியாசம் உண்டு; இங்கே காலை 9 மணி என்றால் சென்னையில் 6.30 தான். கட்டணமில்லாத ஸூம் 40 நிமிடத்தில் நின்றுவிடும், கட்டணமில்லாத கூகுள் மீட் கூட்டாகப் பேசும்போது 60 நிமிடம் வரை போகும். பள்ளி இணையம் நம்பகமில்லை என்றால் ஆசிரியரின் கைப்பேசித் தரவைத் தயாராக வைத்திருக்கலாம். முந்தின நாள் அதே அறையில், அதே கருவியோடு, எழுத்தாளரையே அழைத்துப் பத்து நிமிடம் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

இணைப்பே அறுந்து போனால்? அவர் ஓர் அத்தியாயத்தை வாசித்த ஒலிப்பதிவை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் அதை ஓடவிட்டுக்கொண்டே மறுபடி இணைக்கலாம்.

நாற்பது நிமிடத்தில் வரவேற்புரை, தலைமையாசிரியர் உரை, சங்கத் தலைவர் உரை என்று போனால் எழுத்தாளருக்கு மிஞ்சுவது நன்றியுரைக்கு முந்திய ஐந்து நிமிடம். உரையாற்ற விரும்புவோர் மன்னிக்கட்டும், இது பிள்ளைகளின் நேரம். ஒரு மாணவி இரண்டு நிமிடத்தில் அறிமுகம் செய்யட்டும். எழுத்தாளர் பத்து நிமிடம் வாசிக்கட்டும். மீதி முழுவதும் கேள்விக்கே. சந்திப்பைப் பதிவு செய்து வெளியிடும் எண்ணமிருந்தால் பெற்றோரிடமும் எழுத்தாளரிடமும் முன்பே அனுமதி கேட்க வேண்டும். பிள்ளைகளின் முகம் முகநூலில் வருவதை எல்லாப் பெற்றோரும் விரும்புவதில்லை.

கேள்விப் பெட்டியில் எப்படியும் சில தாள்கள் மிஞ்சும். அவற்றை ஆசிரியர் புலனத்தில் அனுப்பினால், எழுத்தாளர் ஓய்வாக இருக்கும்போது குரல் பதிவில் பதில் சொல்லலாம். மறுவாரம் சபைகூடல் முடிந்து வகுப்புக்கு வந்ததும் அதை ஒலிக்க விடலாம், கேட்ட பிள்ளையின் பெயரையும் சொல்லி.