உலை அணைந்த ஊரும் அதன் பத்திரிகையும்: தென் வேல்ஸ் அனுபவம் பற்றிய ஒரு குறிப்பு

ஒரு பத்திரிகையை அதன் ஆசிரியரின் ஆற்றலையும் நடையையும் கொண்டு மட்டும் மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அப்பத்திரிகை யாருடைய பணத்தில் வெளிவருகிறது, யாருடைய கைகளைச் சென்றடைகிறது, அது நின்றுபோகுமிடத்து இழப்பு யாருக்கு என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. பெருந்தொழில்கள் மூடப்பட்ட பிரதேசங்களின் சுதந்திரப் பத்திரிகைகளை ஆராயப் புகுவோர் இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது. பிரித்தானியாவின் தென் வேல்ஸ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

நிலக்கரியும் இரும்பும் உருவாக்கிய அப்பிரதேசத்தில், தொழிலாளர் பத்திரிகைக்கு நீண்டதொரு மரபு உண்டு. இரும்பு நகரான மேர்தர் டிட்பிலில் 1840ஆம் ஆண்டளவில் சாசன இயக்கத்தினர் வேல்ஸ் மொழியிலே ‘வேல்ஸின் எக்காளம்’ எனப் பொருள்படும் ஏட்டினை நடத்தினர். 1875இல் அபடேரில் தோன்றிய ‘தொழிலாளியின் கேடயம்’ என்னும் வார ஏடு, பெயரிற் சிறிது மாற்றம் பெற்று 1934 வரை நிலைத்தது. சுரங்கத் தொழிலாளர் தமது கூலியிலிருந்து வாராவாரம் செலுத்திய சிறுதொகையால் எழுந்த தொழிலாளர் மன்றங்களின் வாசிகசாலைகளிற் பத்திரிகைகள் படிக்கப்பட்டன. அவை குறித்து விவாதங்களும் நிகழ்ந்தன. செய்திக்குப் பொருளானவரும், அதனை வாசித்தவரும், வாசிப்புக்கான செலவை ஏற்றவரும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினராயிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறிற்று. உள்ளூர் வார இதழ்கள் படிப்படியாகப் பெரும் பத்திரிகைக் குழுமங்களின் உடைமையாயின. ஊரின் செய்தி, தொலைவிலுள்ள பங்குதாரரின் இலாபக் கணக்கில் ஓர் இனமாயிற்று. 1984–85 வேலைநிறுத்தத்தின் தோல்விக்குப் பின்னர் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கூலி குன்றியபோது கடைத்தெருவும் குன்றியது. கடைத்தெரு குன்றியபோது விளம்பரமும் குன்றியது.

இப்போக்கின் விளைவினைப் போர்ட் டல்பொட் நகரிலே தெளிவாகக் காணலாம். 1951இல் திறக்கப்பட்ட அபே உருக்காலை அந்நகரின் வாழ்வையே நிர்ணயித்தது. அங்கு பெறப்பட்ட உயர்ந்த கூலி காரணமாக ஆலை ‘புதையல் தீவு’ என அழைக்கப்பட்ட காலமும் ஒன்றிருந்தது. அந்நகரின் வார இதழான ‘போர்ட் டல்பொட் கார்டியன்’ 2009இல் நிறுத்தப்பட்டது. அதனையடுத்து, பத்திரிகையாளர் சிலர் கூட்டுறவு அமைப்பொன்றை உருவாக்கி, ‘போர்ட் டல்பொட் மாக்னெட்’ என்னும் சுதந்திர வெளியீட்டினை முதலில் இணையத்திலும், 2013 முதல் அச்சிலும் நடத்தினர்.

2016 ஜனவரியில் டாட்டா நிறுவனம் அங்கு 750 பேரின் வேலைகள் நீக்கப்படுமென அறிவித்தது. மார்ச்சு இறுதியில் அதன் பிரித்தானிய உருக்குத் தொழில் முழுவதுமே விற்பனைக்குரியதென அறிவிக்கப்பட்டது. உலகப் பத்திரிகைகளின் பார்வை அந்நகரின்மீது விழுந்த அதே ஆண்டிலேயே, பொருள்வசதி இன்மையால் ‘மாக்னெட்’ மூடப்பட்டது. இதனைத் தற்செயல் நிகழ்வாகக் கொள்வது தவறாகும். எந்த நெருக்கடி ஊருக்குத் தன் பத்திரிகையை இன்றியமையாததாக்கியதோ, அதே நெருக்கடி அப்பத்திரிகை சார்ந்திருந்த விளம்பர வருவாயின் ஊற்றையும் வற்றச்செய்தது. தேவையும் சாத்தியமும் எதிரெதிர்த் திசைகளிற் சென்றன. முரண்பாட்டின் உயிர்நிலை இதுவே.

இழப்பின் தன்மை யாது? ‘மாக்னெட்’டைத் தொடங்கியோருள் ஒருவரான ரேச்சல் ஹௌவெல்ஸ், பத்திரிகையற்ற அந்நகரைப் பற்றிக் கார்டிப் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்ட ஆய்வினை மேற்கொண்டார். ஊரிலிருந்து நேரடியாகச் செய்தி திரட்டும் வழக்கம் தேய்ந்து, நிறுவனங்கள் வழங்கும் அறிக்கைகளே செய்தியாகின என்பதையும், வதந்தி அவ்விடத்தை நிரப்பியது என்பதையும் அவ்வாய்வு புலப்படுத்துகின்றது. தம்மைப் பாதிக்கும் தீர்மானங்களை அவை நிறைவேறிய பின்னரே அறிந்துகொள்ளும் மக்களிடம் சினம் எஞ்சலாம். ஆனால் அச்சினத்தைச் செயலாக்கும் காலம் கடந்துவிடுகிறது.

2024 செப்டெம்பர் 30இல் போர்ட் டல்பொட்டின் இறுதி ஊதுலை அணைக்கப்பட்டது. அன்று படக்கருவிகளுக்குக் குறைவிருக்கவில்லை. வெளியிலிருந்து வருவோர் முடிவினைப் பதிவு செய்கின்றனர். முடிவுக்கு இட்டுச்சென்ற நீண்ட காலத்தையும், அதன் பின்னரான நீண்ட காலத்தையும் பதிவு செய்வோர் யார்? உள்ளூராட்சி மன்றத்தின் வரவுசெலவு, வேலையிழந்தோருக்கான பயிற்சியின் பயன், புதிய மின்வில் உலை எத்தனை பேருக்கு வேலை தரும் என்னும் கேள்வி ஆகியவற்றை வாரந்தோறும் தொடர்ந்து கவனிப்பதற்கு அவ்வூரிலேயே வாழும் செய்தியாளர் வேண்டும். அவ்வாறான ஒருவர் இல்லாதவிடத்து, தொழிலாளர் சமூகம் தனது வரலாற்றை நிகழ்த்தும் மாந்தர் என்ற நிலையிலிருந்து வீழ்ந்து, பிறரது இரக்கத்துக்குரிய காட்சிப்பொருளாகின்றது.

சுதந்திரப் பத்திரிகையாளரின் அர்ப்பணிப்பைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. ஆயினும், அர்ப்பணிப்பு பொருளியல் அடித்தளத்துக்கு மாற்றீடாகாது. பழைய ஏடுகளும் வாசிகசாலைகளும் தழைத்தமைக்கு அவற்றின் பின்னே நின்ற ஒழுங்கமைந்த வாசகர் கூட்டமே காரணம். ஆலை மறைந்த பின்னர் அத்தகைய கூட்டத்தை எவ்வாறு மீண்டும் அமைப்பது என்பதே இன்றைய வினா. சங்கங்களின் சந்தா, வாசகர் பங்குடைமை, அரசின் தலையீடற்ற பொதுநிதி ஆகிய வழிகள் சிந்திக்கத்தக்கவை. விளம்பரதாரரை நம்பி நிற்கும் ஏடு, விளம்பரத்துக்குரிய பொருளை வாங்க இயலாத மக்களின் குரலாக நெடுங்காலம் நிலைத்தல் அரிது என்பதே தென் வேல்ஸ் நமக்கு உணர்த்தும் பாடமாகும்.