காஷ்மீர் முதல் குமரி வரை: மிதித்துக் கடந்த நெடுஞ்சாலை

2020-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காஷ்மீரிலிருந்து புறப்பட்ட ஒரு மிதிவண்டிக் குழு, ஆண்டின் இறுதியில் கன்னியாகுமரியை வந்தடைந்தது. குழுவில் ஏறத்தாழ முப்பது மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். ‘இன்ஃபினிட்டி ரைடு’ என்னும் இப்பயணத்தை ஐதராபாத்தின் ஆதித்ய மேத்தா அறக்கட்டளை, எல்லைப் பாதுகாப்புப் படையுடன் இணைந்து நடத்தியது. மாற்றுத்திறனாளிகளை விளையாட்டு வீரர்களாக உருவாக்கும் பயிற்சிக்கும், அவர்களுக்குத் தேவைப்படும் செயற்கை உறுப்புகளுக்கும் நிதி திரட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஸ்ரீநகரிலிருந்து குமரி வரை நீளும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் நீளம் மட்டுமே 3,700 கிலோமீட்டருக்கும் மேல் என்பதை நினைவில் கொண்டால், அவர்கள் மேற்கொண்ட உழைப்பின் அளவு விளங்கும்.

அறக்கட்டளையை நிறுவிய ஆதித்ய மேத்தா, சாலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். 2013-இல் தில்லியில் நடைபெற்ற ஆசிய பாரா மிதிவண்டிப் போட்டியில் இரு வெள்ளிப் பதக்கங்களை வென்றார். பணியின்போது உறுப்புகளை இழந்த பாதுகாப்புப் படையினருக்கு அவருடைய அமைப்பு பயிற்சி அளித்து வருகிறது.

2020-ஆம் ஆண்டுக் குழுவில் பங்கேற்றவர்களுள் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த தான்யா டாகாவும் ஒருவர். 2018-இல் நேர்ந்த கார் விபத்தில் ஒரு காலை இழந்த அவர், எஞ்சிய காலால் மிதித்தே இந்நெடும்பயணத்தில் கலந்துகொண்டார். பயணத்தின் இடையில் அவருடைய தந்தையார் காலமானார். வீட்டிற்குச் சென்று, கடமைகளை முடித்து, மீண்டும் குழுவுடன் இணைந்தார் தான்யா.

இச்செய்தியை நாங்கள் எழுதுவதில் ஒரு தயக்கமும் உண்டு. “ஒரு காலோடு அந்தப் பெண் இந்தியாவையே கடந்துவிட்டாள், உன்னால் வாசல் வரை நடக்க முடியாதா?” என்று நோயாளியிடம் சொல்வதற்கு இக்கட்டுரை பயன்பட்டுவிடக் கூடாது. உறுப்பு நீக்க அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருப்பவருக்கு அவ்வார்த்தைகள் ஊக்கமாக அமைவதில்லை, பாரமாகவே இறங்குகின்றன. நெடுந்தொலைவு செல்பவர்கள் பின்னால் பயிற்சியாளரும், உடன் வரும் வண்டியும், பழுது பார்ப்பவரும், பல மாதப் பயிற்சியும் உண்டு. படம் எடுப்பவரின் கண்ணுக்கு அவை பெரும்பாலும் படுவதில்லை.

எனினும், “மறுபடியும் சைக்கிள் ஓட்ட முடியுமா?” என்ற கேள்வியை எங்கள் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். பலருக்கு அது பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வியன்று. வேலைக்குச் செல்வதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அதில் அடங்கியுள்ளன. பலருக்கும் முடியும் என்பதே விடை. எந்த வண்டியில், எப்போது என்பதே ஆளுக்கு ஆள் வேறுபடும்.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்கள் செயற்கைக் காலுடன் சாதாரண மிதிவண்டியையே ஓட்டக்கூடும். முழங்காலுக்கு மேலே இழந்தவர்களுள் சிலர் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு ஒரு காலால் மிதிப்பதையே எளிதாகக் கருதுகின்றனர். அப்போது பாதத்தை மிதியோடு பிணைக்கும் பட்டை தேவைப்படும். சமநிலை குறைந்தவர்களுக்கு மூன்று சக்கர வண்டி உதவும். தண்டுவடப் பாதிப்பால் கால்கள் செயலிழந்தவர்களுக்கு, தாழ்வாக அமர்ந்து கைகளால் சுழற்றும் ‘ஹேண்ட்சைக்கிள்’ உள்ளது. 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் அதற்கும் இடம் கிடைத்தது. பார்வையற்றோர் இருவர் மிதிக்கும் ‘டேண்டம்’ வண்டியில் பின்னிருக்கையில் அமர்கின்றனர். இளமையில் பார்வையை இழந்த திவ்யான்ஷு கணத்ரா 2016-இல் மணாலியிலிருந்து கர்துங் லா கணவாய் வரை அத்தகைய வண்டியிலேயே சென்றார்.

இனி, குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை. புண் முழுமையாக ஆறி, மருத்துவர் அனுமதித்த பின்னரே தொடங்க வேண்டும். முதலில் நிலையான பயிற்சி மிதிவண்டியில் சில நிமிடங்கள் போதும். மிதிக்கும்போது செயற்கைக் காலின் குழிக்குள் வியர்வை சேர்ந்து தோல் உராயும். ஆகவே, கழற்றியவுடன் எஞ்சிய கால் பகுதியைக் கண்ணாடியின் உதவியுடன் எல்லாப் பக்கமும் பாருங்கள். சிறிது நேரத்தில் மறையாத சிவப்போ கொப்புளமோ தென்பட்டால், அன்றைக்கு மீண்டும் அணியாமல் எங்களிடம் வாருங்கள். நீரிழிவால் காலை இழந்தவர்களுக்கு மற்றொரு பாதம் இன்னும் முக்கியம். உணர்வு குறைந்த பாதத்தில் செருப்பின் வார் கடித்தாலும் தெரியாது; மூடிய, பொருத்தமான காலணி அவசியம். இன்சுலின் எடுப்பவர்கள் குளுக்கோஸைக் கையோடு வைத்திருக்க வேண்டும். தண்டுவடப் பாதிப்புள்ளவர்கள் இருக்கையில் நெடுநேரம் அசையாது அமர்ந்தால் படுக்கைப்புண் தோன்றும்; இடையிடையே உடலைத் தூக்கி அழுத்தத்தைக் குறையுங்கள். சிலருக்கு வியர்வை சுரப்பது குறைந்திருக்கும் என்பதால், நம் ஊர் நண்பகல் வெயிலை அறவே தவிர்க்க வேண்டும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹேண்ட்சைக்கிள்கள் விலை மிகுந்தவை. சாதாரணக் குடும்பத்திற்கு எளிதில் எட்டாதவை. இத்தகைய நிதிப் பயணங்கள் இதனால்தான் தேவைப்படுகின்றன. ஆனால் செயற்கைக் காலுக்காகக் கடன் வாங்குவதற்கு முன், உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். செயற்கை அவயங்களும், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களும் தகுதியுடையோருக்கு அரசுத் திட்டங்களின்கீழ் வழங்கப்படுகின்றன. அதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். விண்ணப்பிப்பதற்குத் தேவையான சிகிச்சை ஆவணங்களை வீடு திரும்பும் முன்பே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய மிதிவண்டி இருந்தால், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அதன் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வாருங்கள். இருக்கையின் உயரத்தையும் மிதியின் அமைப்பையும் எவ்வாறு மாற்றலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.