சிற்றூர்ப் பள்ளியின் பொறுப்பு யாருடையது?

கிராமப்புற இந்தியாவில் எழுத்தறிவின் முதற் படியாக இருப்பது அரசு ஆரம்பப் பள்ளி. அப்பள்ளி பல இடங்களில் மிகச் சிறியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை தரும் விவரப்படி, 2016-17இல் நாட்டின் அரசு ஆரம்பப் பள்ளிகளில் ஏறத்தாழ 28 சதவீதத்தில் முப்பதுக்கும் குறைவான மாணவர்களே பயின்றனர். ஒரே ஆசிரியர் பணியாற்றிய பள்ளிகள் அவ்வாண்டில் 1,08,017. 2024-25ஆம் ஆண்டுக்கான மத்தியக் கல்வி அமைச்சகத்தின் புள்ளிவிவரத்திலும் அத்தகைய பள்ளிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேலேயே உள்ளது. எனவே சிறு பள்ளி என்பது ஏதோ ஒரு மூலையில் காணும் விதிவிலக்கன்று. அதனை எவ்வாறு நிர்வகிப்பது என்பது நாட்டின் ஆரம்பக் கல்வியையே தொடும் கேள்வியாகும்.

மாணவர் தொகை குறைந்தால் பள்ளியை மூடி, அருகிலுள்ள பள்ளியோடு இணைத்துவிடலாம் என்ற கருத்து மாநில நிர்வாகங்களில் வலுப்பெற்று வருகிறது. இம்முடிவுக்கு வருமுன், இப்பள்ளிகளின் குறை அவற்றின் அளவினால் வந்ததா அல்லது அவை நடத்தப்படும் முறையினால் வந்ததா என்பதை ஆராய்வது அவசியமாகும்.

நிர்வாக அமைப்பு

சில நாடுகளில் ஒரு வட்டாரத்தின் பள்ளிகள் அனைத்தையும் அவ்வட்டார மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியமே நடத்துகிறது. ஆசிரியரை நியமிப்பதும் வரவு செலவுத் திட்டம் தீட்டுவதும் அதன் கடமைகள். இந்தியாவில் அத்தகைய தனி அமைப்பு இல்லை. 1976இல் செய்யப்பட்ட 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப் பட்டியலில் சேர்ந்தது. 1992ஆம் ஆண்டின் 73ஆவது திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களுள் ஆரம்பக் கல்வியையும் இடைநிலைக் கல்வியையும் சேர்த்தது. ஆயினும் எவ்வளவு அதிகாரத்தை ஒப்படைப்பது என்பது மாநிலங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டதால், நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

பொதுவாக நோக்கின், மாநிலக் கல்வித் துறையிலிருந்து மாவட்ட அலுவலகம், வட்டார அலுவலகம், குறுவள மையம் என்று இறங்கி வரும் அமைப்பின் கடைசிப் படியில் சிற்றூர்ப் பள்ளி இருக்கிறது. ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் மேலே முடிவாகின்றன. மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தப்படி, 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.10,000 வரையிலும், 31 முதல் 100 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ரூ.25,000 வரையிலும் கூட்டு மானியம் உண்டு. கூரை ஒழுகுவதும் மின் கட்டணம் கட்ட வேண்டியிருப்பதும் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து வருபவை அல்ல. ஆகவே சிறு பள்ளிக்குக் கிடைக்கும் தொகை விரைவில் தீர்ந்துவிடுகிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசுப் பள்ளிகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணிப்பதும் வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் அதன் பணிகள். ஆனால் காலியிடத்தை நிரப்பும் அதிகாரமோ, வராத ஆசிரியரின் ஊதியத்தைத் தொடும் அதிகாரமோ சட்டம் அதற்குத் தரவில்லை. குறையைக் காண்பவர் ஊரில் இருக்கிறார். அதைத் தீர்க்க வல்லவர் அலுவலகத்தில் இருக்கிறார். இவ்விருவருக்கும் இடையிலான தூரமே சிற்றூர்ப் பள்ளியின் முதன்மையான இடர் எனலாம்.

ஓராசிரியர் பள்ளியின் கணக்கு

கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாள்களையும் 800 கற்பித்தல் மணிகளையும் விதித்துள்ளது. நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணி நேரம். ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியர் தனித்தனியே கற்பித்தால், ஒரு வகுப்புக்குக் கிடைப்பது 48 நிமிடங்கள். மொழி, கணிதம், சூழ்நிலையியல் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். இதனை உணர்ந்தே, 60 மாணவர் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டுமென்று சட்டம் வரையறுத்தது. ஓராசிரியர் பள்ளிகள் இன்றும் தொடர்வது அவ்வரையறை நிறைவேறாததையே காட்டுகிறது.

இருபது ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் விடுப்பெடுத்தால் பாடம் சிறிது தடைப்படும். ஓராசிரியர் பள்ளியில் அவர் வராத நாள் பள்ளியே இல்லாத நாள். பயிற்சி வகுப்பு, தேர்தல் பணி, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு ஆகியவற்றுக்கு அவர் செல்ல நேர்ந்தாலும் விளைவு அதுவே. 2003இல் உலக வங்கி ஆய்வாளர்கள் நாடு முழுவதும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு 25 ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. கற்பித்துக் கொண்டிருந்தோர் ஏறத்தாழப் பாதிப் பேரே.

செயல்திறனை அளக்கும் முறை

கிராமப்புறக் குழந்தைகளின் கற்றல் நிலையை 'அசர்' ஆய்வு 2005 முதல் வீடுகளிலேயே சென்று அளந்து வருகிறது. அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பு மாணவருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் 2018இல் 20.9 சதவீதம், பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 16.3 சதவீதம், 2024இல் 23.4 சதவீதம். முன்னேற்றம் உண்மையே. எனினும் நால்வரில் மூவர் இன்னும் பின்தங்கியுள்ளனர் என்பதும் உண்மையே.

நாடு தழுவிய இத்தகைய சராசரி பயனுள்ளது. ஆனால் சதவீதத்தைக் கொண்டு தனிப்பட்ட சிறு பள்ளிகளைத் தரவரிசைப்படுத்துவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். ஒரு வகுப்பில் எட்டுக் குழந்தைகள் இருந்தால், ஒரு குழந்தை தேறாததே 12.5 சதவீத வீழ்ச்சியாகத் தோன்றும். மறு ஆண்டில் அதே ஆசிரியர் அதே முறையில் கற்பித்தும் பள்ளி 'முழு வெற்றி' பெற்றதாகப் பதிவாகலாம். சிறு பள்ளியில் பார்க்க வேண்டியது சதவீதத்தையன்று. ஒவ்வொரு குழந்தையும் சென்ற ஆண்டைவிட எவ்வளவு முன்னேறியது என்பதையே. எட்டுப் பேரின் நிலையைப் பெயர் சொல்லி அறிந்திருக்க முடிவது அப்பள்ளிக்கு மட்டுமே உள்ள வாய்ப்பாகும்.

சிறுமை குறையன்று

மலைச் சிற்றூர்கள் நிறைந்த இமாசலப் பிரதேசத்தில் பள்ளிகள் சிறியனவே. ஆயினும் 1999இல் வெளிவந்த அடிப்படைக் கல்வி குறித்த பொது அறிக்கை, வட மாநிலங்களின் பொது நிலைக்கு மாறாக அங்குப் பள்ளிக் கல்வி பரவலாக வேரூன்றியதை எடுத்துக்காட்டிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் அம்மாநிலத்தின் எழுத்தறிவு 82.8 சதவீதம், நாட்டின் சராசரி 74 சதவீதத்தையொட்டியே இருந்தது.

பல வகுப்பினரை ஒருங்கே கற்பிப்பதற்கும் வழி காணப்பட்டுள்ளது. ஆந்திரப் பிரதேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலி கல்வி மையம், சுற்றுக் கிராமங்களில் தான் நடத்திய சிறு பள்ளிகளுக்கென அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்ட முறையை உருவாக்கியது. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படியேற இம்முறை இடமளிக்கிறது. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் இதிலிருந்தே வளர்ந்ததாகும்.

நாகாலாந்தின் சோதனை

அதிகாரத்தை ஊருக்கே கொண்டு சென்ற முயற்சிகளுள் நாகாலாந்தினுடையது குறிப்பிடத்தக்கது. அம்மாநிலம் 2002இல் பொது நிறுவனங்களையும் சேவைகளையும் சமுதாயத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தை இயற்றியது. கல்வி, சுகாதாரம், மின் விநியோகம் ஆகியவை முதலில் இதன்கீழ் வந்தன. மக்களை நம்புதல், பயிற்றுவித்தல், அதிகாரத்தை மாற்றித் தருதல் என்பன இதன் மூன்று கோட்பாடுகள்.

அரசு ஆரம்பப் பள்ளியின் நிர்வாகம் கிராமக் கல்விக் குழுவிடம் வந்தது. ஆசிரியர் ஊதியத்தை அரசு குழுவின் கணக்கில் செலுத்தியது. குழு அதனை வழங்கியது. பணி செய்யாத நாளுக்கு ஊதியமில்லை என்பது விதி. ஆசிரியர் அரசு ஊழியராகவே நீடித்தார். நியமனப் பாதுகாப்பு குலையவில்லை. ஆனால் அன்றாட வருகைக்கு அவர் ஊரார் முன் பதில் சொல்ல வேண்டியவரானார். கிராம மன்றங்கள் மரபாகவே வலிமை பெற்றிருந்த மாநிலம் அது. ஆகவே புதிய பொறுப்பைத் தாங்க ஓர் அமைப்பு முன்னமே இருந்தது. 2008இல் இம்முயற்சிக்கு ஐக்கிய நாடுகளின் பொதுச் சேவை விருது கிடைத்தது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. உறவும் நட்பும் நெருங்கிய சிற்றூரில், அண்டை வீட்டுக்காரரின் ஊதியத்தைப் பிடிப்பது எளிதன்று. குழு சோர்ந்தால் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். வருகையை ஊரார் கண்காணிக்கலாம். கற்பித்தலின் தரத்தை உயர்த்தத் துறையின் துணை தேவை. ஆகவே அதிகாரத்தை ஒப்படைத்ததோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை.

இணைப்பா, தொகுப்பா?

ராஜஸ்தானில் 2014இல் ஆயிரக்கணக்கான பள்ளிகள் இணைக்கப்பட்டன. இணைப்பினால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைக்கக்கூடும். நூலகமும் ஆய்வகமும் அமையக்கூடும். ஆனால் தூரம் கூடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகள் ஆரம்பப் பள்ளி ஒரு கிலோமீட்டர் நடை தூரத்திற்குள் இருக்க வேண்டும் என்கின்றன. ஆறும் காடும் குறுக்கிடும் இடத்தில் ஆறு வயதுச் சிறுமி மூன்று கிலோமீட்டர் நடக்க நேர்ந்தால், அவள் பள்ளிப் பதிவேட்டில் இருப்பாள், பள்ளியில் இருக்கமாட்டாள்.

மாற்று வழி பழையதே. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு (1964-66) பள்ளித் தொகுப்பு என்னும் ஏற்பாட்டைப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டுக் கொள்கை அதனைப் புதுப்பித்து, ஓர் இடைநிலைப் பள்ளியைச் சுற்றி ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள கீழ்நிலைப் பள்ளிகளையும் அங்கன்வாடிகளையும் ஒரு தொகுப்பாக்கக் கூறுகிறது. இதில் பள்ளிகள் மூடப்படுவதில்லை. ஆசிரியர்களும் வளங்களும் பகிரப்படுகின்றன. ஒருவர் விடுப்பெடுத்தால் தொகுப்பிலிருந்து மற்றொருவர் செல்லலாம். தனியே உழலும் ஆசிரியருக்குக் கலந்து பேசச் சக ஆசிரியர்கள் கிடைப்பர்.

எனினும் பெயர்ப் பலகையை மாற்றுவது தொகுப்பு ஆகாது. மாற்று ஆசிரியரை அனுப்பும் ஆணையை யார் பிறப்பிப்பது, சிறு செலவுக்கு யார் ஒப்புதல் தருவது, பெற்றோர் யாரிடம் முறையிடுவது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை பத்துக் கிலோமீட்டருக்குள் கிடைத்தால் தொகுப்பு உயிர் பெறும். விடை மாவட்டத் தலைநகரிலேயே தங்கிவிட்டால், இன்னோர் அடுக்கு அலுவலகம் கூடியதே மிச்சமாகும்.

சிறு பள்ளியை மூடுவதா, காப்பதா என்று முடிவு செய்யும் அலுவலர் மாணவர் எண்ணிக்கையோடு வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள் இருந்தனரா? பள்ளி எத்தனை நாள் உண்மையில் நடந்தது? மேலாண்மைக் குழு கேட்டவற்றுள் எத்தனை நிறைவேறின? இவற்றுக்கு நல்ல விடை இல்லாத இடத்தில் பள்ளி தோற்கவில்லை. அது முறையாக நடத்தப்படவேயில்லை. குறையை அறிந்தவரிடமே அதைத் தீர்க்கும் அதிகாரமும் சேர்வதில்தான் சிற்றூர்க் குழந்தையின் கல்வி அடங்கியுள்ளது.